பாதிப் படத்தில் எழுந்துபோன தாத்தாவுக்கு

கேள்வி: அம்மாப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 69 வயது. தறியில் காலம் தள்ளியவன். இளவயதில் எட்டு வருஷம் வாத்தியார் காலடியில் சிலம்பம் பழகினேன். மனைவி, மகன், மருமகள், பேத்தி (14), பேரன் (9) எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். ‘குங் ஃபூ பாண்டா’ என்ற கார்ட்டூன் படத்தை வைத்து ஒரு மாதமாக எங்கள் வீட்டில் சண்டை. மகன் காலேஜில் படித்தபோது வந்த படமாம், அவனுக்கு அதுதான் வேதம். வருஷக்கணக்கில் பென்டிரைவில் வைத்திருக்கிறான். எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் உயிரைக் கொடுத்து வித்தை பழகிக்கொண்டிருக்கிறார்கள். நூடுல்ஸ் கடையில் இருந்து வந்து விழுந்த ஒருவனுக்கு அந்தக் கிழட்டு ஆமை பட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. வித்தைக்கு அதுதான் மரியாதையா? வர்ம அடியைக்கூட அதில் கேலி செய்திருப்பதாகப் பேத்தி சொன்னாள். நான் பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

மருமகளுக்கு வேறு கோபம். குண்டாக இருப்பவனைக் கிண்டல் செய்கிற படம் என்கிறாள். ஜூனில் பள்ளி திறந்ததில் இருந்து பேரனை வகுப்பில் ‘பாண்டா’ என்று கூப்பிடுகிறார்களாம். படத்தைப் பென்டிரைவில் இருந்தே அழித்துவிட்டாள். பேரன் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பான். நானும் செல்லமாக ‘குண்டா’ என்றுதான் கூப்பிடுவேன், அவன் ஒன்றும் சொன்னதில்லை. மே மாதம் ஏற்காடு போயிருந்தோம். கிளியூர் அருவிப் படியில் ஏறமாட்டாமல் அவன் மூச்சு வாங்கியதை மகன் வீடியோ எடுத்து, ‘எங்க வீட்டு பாண்டா’ என்று ஸ்டேட்டஸ் போட்டான். எல்லோரும் சிரித்தோம். அதெல்லாம் விளையாட்டு. சிலம்பம் சொல்லித் தருகிறேன் என்று கூப்பிட்டேன், ஒரே நாளில் ஓடிவிட்டான். கம்பு பிடித்தால் தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன் என்றேன், அதற்கும் மருமகள் சண்டை. என் மனைவிக்குப் படம் பிடித்திருக்கிறது. ‘அந்த வாத்து நல்ல மனுஷன்’ என்கிறாள். பேத்தியோ, சீனாக்காரன் கதையை அமெரிக்காக்காரன் எடுத்து விற்கிறான் என்கிறாள். என் பேரன் இந்தப் படத்தைப் பார்க்கலாமா, கூடாதா? யார் கட்சி சரி?

(கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘தம்பி சண்டை சீனே பாக்கறதில்ல. அம்மா படத்த அழிக்கறதுக்கு முன்னாடி, பாண்டா ஓடிப்போகப் பாக்கும்போது குரு வழிய மறிச்சு ரெண்டு பேரும் கத்திக்குவாங்களே, அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுட்டு இருந்தான். தாத்தா இத எழுதல, அதான் நான் எழுதறேன்.’)

பதில்:

ஐயா, பார்க்கலாம். ஒன்பது வயதுப் பையன் பார்க்கக்கூடாத எதுவும் அந்தப் படத்தில் இல்லை. இந்த ஒரு வரியோடு பதிலை முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பேத்தி எழுதியதைப் படித்ததும் முடியவில்லை. அன்று ராத்திரியே படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம்தான். ஒவ்வொருவர் கட்சியாக எடுத்துக்கொள்கிறேன், பேரனுக்குக் கடைசியில் வருகிறேன். கடிதத்தில் அவன் கட்சி மட்டும்தான் இல்லை.

நீங்கள் எந்த இடத்தில் எழுந்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. வாணத்தைக் கட்டிக்கொண்டு வானத்துக்குப் போய், பொத்தென்று மைதானத்தின் நடுவில் விழுகிற பாண்டாவை நோக்கி ஆமையின் விரல் நீளும் இடம். சரிதானே? இன்னும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் உங்கள் கட்சிக்கு ஒரு ஆள் கிடைத்திருப்பார். நீங்கள் கடிதத்தில் கேட்டதைத்தான் ஷிஃபு என்கிற அந்தக் குருவும் கேட்கிறார். இது விபத்து என்கிறார். விடிவதற்குள் இவனைத் தானாகவே ஓட வைக்கிறேன் பார் என்று தன் ஐந்து சீடர்களுக்கு வாக்குக் கொடுக்கிறார். அடிக்கிறார், அவமானப்படுத்துகிறார், ‘உன் மேல் நாற்றம் அடிக்கிறது’ என்கிற அளவுக்குப் போகிறார். அவரை நாம் கெட்டவராகப் பார்ப்பதும் இல்லை. வருஷக்கணக்கில் வியர்வை சிந்தியவர்கள் பக்கம் நின்று பேசுகிற மனிதர் அவர்.

அந்தக் குருவுக்கு ஒரு பழைய காயமும் உண்டு. படத்தின் வில்லனான டாய் லுங் என்ற பனிச்சிறுத்தையைக் குட்டியில் இருந்து பிள்ளையாக வளர்த்து, நீ பெரிய ஆளாக வருவாய் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியவர். பட்டம் கிடைக்காதபோது அந்தப் பிள்ளை ஊரையே துவம்சம் செய்தான், இருபது வருஷம் சிறையில் கிடந்தான். படம் குருவைக் கேலி செய்கிறது என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். எனக்கென்னவோ அது பாண்டாவைவிட அந்தக் குருவின் கதையாகத்தான் தெரிந்தது. ஒரு பிள்ளையை அளவுக்கு மீறிப் புகழ்ந்து கெடுத்தவர், அடுத்து வந்தவனை அளவுக்கு மீறி இகழ்ந்து விரட்டப் பார்க்கிறார். நடுவில் எங்கேயோ நிற்கக் கற்றுக்கொள்ள அவருக்கு முக்கால் படம் ஆகிறது.

அதற்காக உங்கள் பேச்சைத் தள்ளிவிட மாட்டேன். சிலம்பத்தில் முதலில் செய்கிற வணக்கமான சலாம் வரிசையே கைக்குப் படிய எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பாண்டாவின் பயிற்சி திரையில் சில நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஒரே பாட்டில் கோடீஸ்வரர் ஆகிற நாயகர்களை நம் சினிமாவில் பார்க்காதவர்களா நாம்? அதே சௌகரியம்தான் இங்கேயும். பேரன் என்றைக்காவது ‘நம்பினால் போதும், எல்லாம் வந்துவிடும்’ என்று சொன்னால் உங்கள் உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டுங்கள். தறியில் வந்த காய்ப்பு எது, கம்பில் வந்தது எது என்று பிரித்துச் சொல்லுங்கள். அந்த ஐந்து சீடர்களும் சும்மா வைத்த வேஷமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். புலி, கொக்கு, குரங்கு, பாம்பு, கும்பிடு பூச்சி என்று அவர்கள் பெயரில் சீனத்தில் உண்மையாகவே சண்டை முறைகள் இருக்கின்றன. நரம்பைத் தட்டி முடக்குகிற அடி பாண்டாவிடம் பலிக்காமல் அவனுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டுவது மட்டும் சுத்தமான கூத்து. வர்மம் தெரிந்தவருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

பேத்தி கேட்டது நல்ல கேள்வி. 2008-ல் படம் வந்தபோது சீனாவிலேயே இந்தச் சண்டை நடந்தது. பாண்டாவை வைத்தே கலை செய்துவந்த ஜாவ் பான்டி என்ற ஓவியர் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னார். சிச்சுவான் பூகம்பம் நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, பாண்டாக்களின் ஊரும் அதுதான். இன்னொரு பக்கம், நம்மிடம் இருக்கிற பாண்டாவையும் குங் ஃபூவையும் வைத்து நாம் ஏன் இப்படி ஒன்றை எடுக்கவில்லை என்று அங்கேயே பலர் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். ஒரு தேசமே பிரிந்து நின்ற விஷயம், அம்மாப்பேட்டையில் ஒரு வீடு பிரிவதில் ஆச்சரியம் இல்லை.

பாட்டியின் விமர்சனம்தான் ஐந்திலும் எனக்குப் பிடித்தது. வில்லன் வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறது. தோற்றுப்போய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாத்தின் மகனான பாண்டா வந்து நிற்கிறான். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று ஒரு அப்பா சொல்லக்கூடிய நேரம் அது. வாத்து சொல்லவில்லை. சமையல் ஏப்ரனை இடுப்பில் கட்டிவிட்டு, வா போகலாம் என்று நடக்கிறது. போகிற வழியில்தான் தன் சூப்பில் ரகசியம் என்று ஒன்றுமே கிடையாது என்ற உண்மையைப் போட்டு உடைக்கிறது. பாட்டி ஏன் அந்த வாத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று யாராவது கேட்டீர்களா? கேட்டுப் பாருங்கள்.

இனி மருமகள். அவர் சொல்வதில் பாதி சரி. படத்தின் முதல் பாதி பாண்டாவின் வயிற்றை வைத்துத்தான் சிரிப்பு மூட்டுகிறது. படியில் ஏறமாட்டாமல் மூச்சு வாங்குவது, கவலை வந்தால் தின்பது எல்லாம் உண்டு. பிறகு அதே வயிறுதான் வில்லனை வானத்துக்குத் தூக்கி எறிகிறது. ‘நீ வெறும் குண்டுப் பாண்டா’ என்று வில்லன் சொல்லும்போது, ஆமாம், அந்தக் குண்டுப் பாண்டாவே நான்தான் என்கிற தோரணையில் நிமிர்கிறான். பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு நேராகிவிடும். ஒரு மணி நேரம் சிரித்தது எது, கடைசி அரை மணியில் ஜெயித்தது எது என்று சின்னப் பிள்ளை தராசில் வைத்துப் பார்க்காது. ஆகவே அவர் கோபம் வீண் இல்லை.

மீதிப் பாதிக்குக் கொஞ்சம் காலண்டரைப் புரட்டவேண்டும். படம் உங்கள் வீட்டில் வருஷக்கணக்காக இருக்கிறது. 2008-ல் வந்தது, அதற்குப் பிறகு மூன்று பாகங்கள் வந்துவிட்டன. அந்தப் பெயரோ இந்த ஜூனில்தான் வந்திருக்கிறது. நடுவில் என்ன நடந்தது? மே மாதம் கிளியூர் படிக்கட்டு நடந்தது. உங்கள் மகனின் போனில் பேரனுடைய வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மா எண்கள் எத்தனை இருக்கும்? ஒரு ஸ்டேட்டஸ் இருபத்துநாலு மணி நேரம் நிற்கும். அப்பாவின் போனைப் பிள்ளை பார்ப்பதற்கு அதில் அரை மணி நேரம் போதாதா? நான் அங்கே இருந்து பார்க்கவில்லைதான். ஆனால் இத்தனை வருஷத்தில் இப்படி வந்த பட்டப்பெயர்களில் முக்கால்வாசி வீட்டில் இருந்து கிளம்பிப் பள்ளிக்குப் போனதாகத்தான் பார்த்திருக்கிறேன். மருமகள் படத்தை அழித்தார். அழிக்கவேண்டிய வீடியோ இன்னும் போனில் இருக்கும்.

மகன் மேல் பாய்ந்துவிடாதீர்கள். அவருக்குப் பாண்டா ஒரு நாயகன். கல்லூரி வயதில் அந்தப் பாண்டாவிடம் அவர் என்ன கண்டாரோ. மகனுக்கு அந்தப் பெயரை வைத்தபோது பட்டம் கட்டியதாகவே நினைத்திருப்பார். ஆனால் வீடியோவில் இருந்தது ஜெயித்த பாண்டா இல்லையே ஐயா, படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பாண்டா. எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘எல்லோரும்’ கணக்கில் பேரன் உண்டா?

இப்போது அவன் திரும்பத் திரும்பப் போட்ட இடத்துக்கு வருகிறேன். வில்லன் சிறையில் இருந்து தப்பிவிட்டான், அவனைத் தடுக்கவேண்டியவன் நீதான் என்று கேட்டதும் பாண்டா ஓடுகிறான். குரு மறிக்கிறார். இத்தனை நாள் நான் இவ்வளவு துரத்தியும் ஓடாதவன், இப்போது ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிறார். அதற்குப் பாண்டா சொல்வதன் சாரம் இது: நீங்கள் கல்லை விட்டெறிந்தபோதும், நாற்றம் என்றபோதும் வலித்தது. ஆனால் தினமும் நான் நானாகவே இருக்கிற வலியைவிட அது பெரிதில்லை. யாராவது என்னை வேறு ஆளாக மாற்ற முடியும் என்றால் அது நீங்கள்தான் என்று நினைத்தேன், அதனால்தான் தங்கினேன். குரு, நான் மாற்றுகிறேன் என்கிறார். எப்படி, எப்படி என்று பாண்டா கத்த, எனக்குத் தெரியவில்லை என்று குருவும் கத்திவிடுகிறார்.

சண்டைப் படத்தில் சண்டையை எல்லாம் ஓட்டிவிட்டு, ஒன்பது வயதுப் பையன் இந்த ஒரு நிமிஷத்தைத் தேடித் தேடிப் போடுகிறான் என்றால், அவன் வாயால் சொல்லாததை வேறு யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ‘அவன் ஒன்றும் சொன்னதில்லை’ என்று எழுதினீர்கள். தாத்தாவிடம் எப்படிச் சொல்வான்? நீங்கள் செல்லமாகத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று அவனுக்கும் தெரியும். சொன்னால் செல்லமும் போய்விடுமோ என்ற பயம் இருக்கும்.

என்ன செய்யலாம்?

முதலில் பெயர். ‘குண்டா’ இன்றோடு போகட்டும். அதைப் பெரிய அறிவிப்பாகச் செய்யவேண்டாம், அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். இரண்டு மூன்று நாளில் அவனே கவனிப்பான். பழக்கத்தில் வாய் தவறினால், ‘தப்புடா’ என்று சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மகன் ஒரு வரி சொல்லவேண்டியிருக்கும்: ‘அந்த வீடியோவை நான் போட்டிருக்கக்கூடாது.’ அவ்வளவுதான். பரவாயில்லைப்பா என்று பையன் சொல்லியே ஆகவேண்டும் என்று காத்து நிற்கக்கூடாது, அது அவனிடம் இன்னொரு வேலை வாங்குவது. வகுப்பு ஆசிரியரை அப்பா அம்மா இருவரும் போய்ப் பார்க்கட்டும். அவனை வகுப்பில் எழுந்து நிற்க வைத்து, ‘யாரும் இவனைப் பாண்டா என்று கூப்பிடாதீர்கள்’ என்று சொல்லவேண்டாம் என முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தில் அப்படிச் செய்துவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் அந்தப் பெயர் பக்கத்து வகுப்புக்கும் போய்விடும்.

பேச்சுக் கொடுப்பதும் நேருக்கு நேர் உட்கார வைத்து வேண்டாம். நிலக்கடலை உரிக்கும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, முகம் பார்க்காத நேரத்தில்தான் இந்த வயசுப் பையன்கள் வாயைத் திறப்பார்கள். ‘அந்தப் பாண்டா ஓடிப்போகப் பார்த்தானே, நீயாக இருந்தால் என்ன பண்ணியிருப்பே?’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அப்புறம் உடம்பு. அவன் பூசினாற்போலா, அதிக எடையா என்று நானும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்ல முடியாது. உயரத்தையும் எடையையும் அளந்து, 5 முதல் 18 வயது வரைக்கும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில் குறித்துப் பார்க்கவேண்டும். குழந்தை மருத்துவரிடம் ஐந்து நிமிஷ வேலை. படியில் மூச்சு வாங்கியது எடையால்தான் என்று முடிவு கட்டிவிடவேண்டாம். ரத்தசோகை, ஆஸ்துமா மாதிரி காரணமும் இருக்கலாம். ராத்திரி குறட்டை விடுகிறானா என்று கவனித்துச் சொல்லுங்கள். பின்கழுத்தைப் பாருங்கள். அங்கே வெல்வெட் போலக் கறுப்பாகத் தடித்திருந்தால், அழுக்கு என்று பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அது தேய்த்தால் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அடையாளமாக இருக்கலாம், டாக்டரிடம் மறக்காமல் காட்டவேண்டும். வீட்டில் எல்லோர் முன்னாலும் எடை மெஷினில் ஏற்றி நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

தட்டுவடை செட் விஷயத்தில் நான் மருமகள் கட்சி, ஆனால் தின்பண்டம் கெடுதல் என்பதற்காக இல்லை. நான் சேலத்துக்காரி. மாலை ஐந்து மணிக்குத் தள்ளுவண்டியில், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவி, பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் வைத்து அமுக்கித் தருகிற அதைப் பாவம் என்று என் வாயால் சொல்லமாட்டேன். வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தோடு போய்த் தின்னுங்கள், அவனும் மற்றவர்கள் தின்கிற அளவுக்குத் தின்னட்டும். கம்பு பிடித்தால்தான் செட் என்கிற பேரத்தில்தான் கோளாறு. சாப்பாடு பரிசு ஆனதும் அதன் மேல் ஆசை கூடும், கம்பு கூலிவேலை ஆகிவிடும். படத்தில் குரு இதைத்தான் செய்கிறார், கொழுக்கட்டை மாதிரி ஒன்றைக் காட்டிக் காட்டியே வித்தை பழக்குகிறார். கடைசிக் கொழுக்கட்டைக்காகப் பெரிய சண்டையே நடக்கும். பாண்டா ஜெயித்துவிட்டு, எனக்குப் பசி இல்லை என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். நல்ல காட்சி, சினிமாவில். வீட்டில் எந்தப் பிள்ளையும் திருப்பிக் கொடுக்காது.

வீட்டுச் சாப்பாட்டை மாற்றவேண்டும் என்று டாக்டர் சொன்னால் ஆறு பேர் தட்டும் மாறட்டும். என்ன சமைப்பது, எப்போது போடுவது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதை அவன் வயிறு சொல்லட்டும். ‘இன்னும் ஒரு தோசை’ என்று அமுக்கிப் போடுகிற கையும், ‘போதும், எழுந்திரு’ என்று தட்டைப் பிடுங்குகிற கையும் ஒரே வீட்டில் இருந்தால் பிள்ளை யார் பேச்சைக் கேட்கும்? டிவி முன்னால் சாப்பாடு வேண்டாம், இது உங்களுக்கும் சேர்த்து.

சிலம்பத்துக்கு வருகிறேன். ஒரே நாளில் ஓடிவிட்டான் என்றீர்கள். அந்த ஒரு நாளில் என்ன நடந்தது என்று எழுதவில்லை. எங்கே பழக்கினீர்கள், தெருவிலா? பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்களா? கால் தப்பாக வைத்தபோது என்ன பெயர் சொல்லித் திருத்தினீர்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் உங்களுக்கே தெரியும்.

மறுபடி ஆரம்பிக்க மனமிருந்தால் மொட்டை மாடியில், நீங்களும் அவனும் மட்டும். அவன் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பை அவன் கண் முன்னால் நறுக்கிச் சீவுங்கள், அது அவன் கம்பு. முதல் நாள் வேறு ஒன்றும் வேண்டாம், சலாம் வரிசை மட்டும் நீங்கள் செய்துகாட்டுங்கள். பெரியவர் ஒருவர் தன் வாத்தியாரை நினைத்து மண்ணைத் தொட்டு வணங்குவதை அவன் பார்க்கட்டும். நீங்கள் பழகிய காலத்தில் எத்தனை தடவை உங்கள் கம்பே உங்கள் முட்டியைப் பதம் பார்த்தது என்று சொல்லுங்கள். இளைப்பதற்காக இது என்று மட்டும் ஒருநாளும் சொல்லாதீர்கள். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரி அறுபது நிமிஷமாவது உடம்பு வேர்க்க ஆடி ஓடவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் சொல்கிறது, ஒல்லிப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. கம்பு அவனுக்குப் பிடிக்கவே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். நீச்சலோ சைக்கிளோ, தெருவில் கிரிக்கெட்டோ, எதுவானாலும் சரி.

படத்தில் அந்தக் குருவிடம் இருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஐந்து பேருக்குப் பழக்கிய பாடத்தைப் பாண்டா மேல் ஏற்றிப் பார்த்து ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் சமையலறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறார். உயரத்தில் ஒளித்து வைத்த பிஸ்கட்டுக்காகப் பாண்டா அந்தரத்தில் காலை விரித்து நிற்கிறான், யாரும் சொல்லித் தராமலேயே. குரு அன்றைக்குத்தான் அவனை முதல்முறையாகப் பார்க்கிறார் என்று சொல்லவேண்டும். பேரனை ஒரு வாரம் திருத்தாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். உங்களுக்கு அது கஷ்டம்தான், வாத்தியார் கண் சும்மா இருக்காது.

படத்தை மறுபடி கொண்டுவருவதா? அவன் கேட்டால் மருமகள் கொண்டுவரட்டும். அப்போது நீங்களும் உட்காருங்கள், எழுந்துபோன இடத்தில் இருந்து. பார்த்து முடித்ததும் யாரும் பாடம் எடுக்கவேண்டாம்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். வயிற்று வலி, தலைவலி என்று அடிக்கடி பள்ளிக்குப் போகாமல் இருப்பது, சாப்பாட்டை ஒளித்து வைத்துத் தின்பது அல்லது சுத்தமாகத் தவிர்ப்பது, ‘நான் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்’ என்கிற மாதிரிப் பேச்சு, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ராத்திரி நேரத்தில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

மகனிடம் சொல்லி அந்த வீடியோவைப் பேரன் பார்க்க அழிக்கச் சொல்லுங்கள். சொந்தக்காரர்கள் குரூப்பிலும் போட்டிருப்பார், அங்கேயும். பேத்தியை ‘ஏன் எழுதினாய்’ என்று யாரும் கேட்கவேண்டாம். அவளிடம் போனில் பேசி, சரி என்ற பிறகே அவள் வரிகளை இங்கே வெளியிட்டிருக்கிறேன்.

நேரில் வரவேண்டும் என்று தோன்றினால் சனிக்கிழமை மதியம் வாருங்கள். நீங்களும் மகனும் மருமகளும் வந்தால் போதும். முதல் தடவை பையனைக் கூட்டிவரவேண்டாம், தன்னால்தான் எல்லோரும் கிளம்பி வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வான். பாட்டி வீட்டில் அவனோடு இருக்கட்டும்.